தொண்ணூறு நாளில் மூடிய விண்ணப்பம்

அத்தியாயம் பதினான்கு

சென்ற வாரம் மாடிப்படியில் உட்கார்ந்தவர் இந்த வாரமும் அங்கேயேதான் இருக்கிறார். கதாநாயகர்கள் ஒரு வாரத்தில் மலையைத் தாண்டுவார்கள். இவர் ஐந்தாம் படியிலிருந்து நான்காம் படிக்குக்கூட இறங்கவில்லை. வயது ஐம்பத்து மூன்று. இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவர். ஆறு மாதத்துக்கு முன் ஒரு காலையில், வலது கண்ணை மட்டும் இருட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தவர். அவரிடம் இதைவிட வேகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார் மருத்துவர். போனது திரும்பாது என்பதையும், மருந்துச் சீட்டை மடித்துக் கொடுக்கிற அதே குரலில் சொல்லிவிட்டார்.

மச்சானுக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. ஒரு மோதல், ஒரு தீ விபத்து, ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய் என்று ஏதாவது நடந்திருந்தால் சபையில் சொல்ல எடுப்பாக இருந்திருக்கும். குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது போன கண்ணை வைத்துக்கொண்டு யாரை உருக வைப்பது?

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கீழ் வீடு அவருடையது, ஓட்டுநரும் மனைவியும் குடியிருக்கும் மாடி அவருடையது, இப்போது ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் படியும் அவருடையதுதான். ஓய்வு பெறும்வரை அரசாங்க அலுவலகம் ஒன்றில் கோப்புகளை நகர்த்தியவர், நகராத கோப்புகளை மூடியவர். இப்போது தேவாலயச் சபையின் செயலாளர். ஆள் எதிரில் இருந்தால் ‘ஐயா’ என்பார்கள். ஆள் நகர்ந்தால் ‘ஃபைல்’ என்பார்கள்.

சபையில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. யாருக்காவது ஜெபம் தேவைப்பட்டால் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். செயலாளர் அதைப் பதிவேட்டில் ஒட்டி, எண்ணும் தலைப்பும் போட்டு, ஞாயிறுதோறும் தலைப்புகளை வாசிப்பார். நோய், வேலை, கல்யாணம், குடிக்கிற மகன் என்று பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். இரண்டு வருடத்துக்கு முன் மச்சான் ஒரு விதி கொண்டுவந்தார். எந்த விண்ணப்பமும் தொண்ணூறு நாளுக்கு மேல் நிலுவையில் இருக்கக் கூடாது. தொண்ணூறாவது நாள் அது ‘நன்றி’ப் பட்டியலுக்குப் போய்விடும். ‘நிறைவேறியது’ என்று சிவப்பு முத்திரை விழும். சம்பந்தப்பட்ட குடும்பம் அடுத்த ஞாயிறு மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும்.

இப்படி ஆண்டவருக்கே கெடு வைத்த சபை வேறெங்கும் இருக்குமா தெரியாது. ஆனால் யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. பட்டியல் சுருங்கியதில் ஆராதனை அரை மணி முன்னதாக முடிந்தது. விசுவாசத்துக்கும் பசிக்கும் நடுவில் அரை மணி என்பது சின்ன விஷயமில்லை.

மனைவி மூன்று மாதத்துக்கு முன் கணவனுக்காக எழுதிப் போட்ட சீட்டுக்குப் போன புதன்கிழமையோடு தொண்ணூறு நாள் நிறைந்தது. முத்திரையும் விழுந்துவிட்டது. இன்று ஞாயிறு. ஒன்பது மணி ஆராதனையில், கண் வந்துவிட்டது என்று ஓட்டுநர் சாட்சி சொல்ல வேண்டும். அவருடைய வலது கண்ணுக்கு இந்த விவரம் இன்னும் தெரிவிக்கப்படவில்லை.

மனைவி தேய்த்த சட்டையோடு படிக்கு வந்தாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. வாரத்தில் ஆறு நாள் விரிப்பு மடிக்கிறவள். ஏழாம் நாளும் அவள் கை எதையாவது மடித்துக்கொண்டே இருக்கும். பேசும்போது இல்லாத மடிப்பைச் சட்டையில் தேடி நீவினாள்.

“ஒரு வார்த்தை நல்லதா சொல்லிட்டு இறங்கிடுங்க. அண்ணன் வீட்டுல இருக்கோம். எனக்கு வாதாடத் தெம்பில்லை.”

ஓட்டுநர் “ம்” என்றார்.

மூன்று மாதத்துக்கு மேலாக வீட்டில் அவர் உபயோகிக்கும் சொற்கள் மூன்று. ம், வேணாம், வை. அதற்கு முன் அப்படி இல்லை. ஒற்றைக் கண்ணுக்குப் பொருள்களின் தூரம் பிடிபடாது. ஒரு சாயங்காலம், அவர் தட்டிவிடாமல் இருக்கட்டும் என்று மேசையில் இருந்ததையெல்லாம் மனைவி ஓரமாக ஒதுக்கி வைத்தாள். அந்த ஒதுக்கலில் அவருக்கு எதுவோ அறுந்தது. மேசையை ஒரே வீச்சில் துடைத்துத் தள்ளினார். கண்ணைப் பிடுங்கிக்கொண்டு என்ன சாதிக்கப்போகிறார் என்று உன் ஆண்டவரிடமே போய்க் கேள் என்று கத்தினார். அவள் குனிந்து பொறுக்கினாள். மன்னிப்புக் கேட்க அன்றிரவு வெட்கமாக இருந்தது. மறுநாள் தாமதமாகிவிட்டதாகத் தோன்றியது. ஒரு வாரம் போனதும் மௌனம் சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது. பிறகு உடைக்க ஆள் பிடிக்க வேண்டியிருந்தது, ஆளும் கிடைக்கவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தொட்டுப் பார்த்து இறங்கினார். நேரே சபைக்குப் போகவில்லை. பணிமனையிலும் இன்று ஒரு கெடு இருந்தது.

ஓட்ட முடியாதவருக்குப் பணிமனை ஒரு மாற்று வேலை வைத்திருந்தது. வண்டி வெளியே போகுமுன் வாசலில் நிறுத்தி, டயர், விளக்கு, கண்ணாடி, எண்ணெய்க் கசிவு எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை. இன்று பன்னிரண்டு மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாளைய பட்டியலில் வேறு பெயர் ஒட்டப்படும், இவர் வீட்டுக்கு அனுப்பப்படுவார். ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அந்த வாசல் ஆளுக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் ‘சோளக்கொல்லை பொம்மை.’ வைத்ததே இவர்தான்.

ஏழு மணிக்குப் பணிமனையில் டீசல் புகையும் கழுவிய தண்ணீரும் கலந்து தரை வழுவழுவென்றிருந்தது. டயர்காரர் ஒரு சக்கரத்தைக் காலால் மிதித்து நிறுத்திவிட்டு இவரை மேலும் கீழும் பார்த்தார். பழைய சிநேகிதர். மரியாதை என்பதை இருவரும் இருபது வருடத்துக்கு முன்பே கழற்றி வைத்துவிட்டார்கள்.

“என்னய்யா, சலவைச் சட்டை. பொண்ணு பாக்கப் போறியா?”

“சர்ச்சுக்கு. சாட்சி சொல்லணுமாம்.”

“என்னன்னு?”

“கண்ணு வந்துடுச்சுன்னு.”

டயர்காரர் பக்கத்தில் வந்து முகத்தை உற்றுப் பார்த்தார். “எங்க வந்துச்சு?”

“அதான் எனக்கும் தெரியலை.”

வாசலில் ஒரு வண்டி உறுமிக்கொண்டு நின்றது. டயர்காரர் ஓர் இரும்புக் கம்பியை எடுத்து இவர் கையில் திணித்தார். வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் வேறு சக்கரத்துக்குப் போய்விட்டார். கையில் கம்பியோடு சும்மா நிற்பதும் அசிங்கமாக இருந்தது. ஓட்டுநர் வண்டியின் பின்பக்கம் போனார். பின்னால் இரட்டைச் சக்கரம். வெளியே இருப்பது கண்ணுக்குத் தெரியும், உள்ளே இருப்பது இரண்டு கண் உள்ளவனுக்கும் தெரியாது. வெளிச்சக்கரத்தைத் தட்டினார். கணீரென்று கம்பி எகிறியது. கையை உள்ளே விட்டு உள்சக்கரத்தைத் தட்டினார். நனைந்த தலையணையைத் தட்டியது போலிருந்தது.

காற்று இல்லை என்றார். வண்டியை ஓட்டவிருந்த பையன் நேரமாகிறது என்று சலித்துக்கொண்டான். டயர்காரர் அளவு பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்தார். பாதிக்கும் கீழே இருந்தது. பயணிகள் பாரத்தோடு நெடுஞ்சாலையில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பையன் சத்தமில்லாமல் இன்ஜினை அணைத்தான்.

ஓட்டுநருக்குள் சின்னதாக ஒரு மகிழ்ச்சி ஏறப் பார்த்தது. டிக்கெட் இல்லாத பயணியை இறக்குவது போல அதை அப்போதே இறக்கிவிட்டார். சம்மதமா என்று டயர்காரர் கேட்டதற்கு, பன்னிரண்டு மணி ஆகட்டும் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சபை வாசலில் ஒரு பதாகை கட்டியிருந்தார்கள். ‘தடைகளே படிகள்.’ இடதுபுறம் மச்சான், கையைத் தூக்கி எதையோ சுட்டிக்காட்டிக்கொண்டு பெரிதாக. வலதுபுறம் ஓட்டுநர், பத்து வருடத்துக்கு முன் எடுத்த சீருடைப் படத்தில், இரண்டு கண்ணோடும் சின்னதாக. அந்த மனிதரைப் பார்த்து இவருக்கு லேசாகப் பொறாமை வந்தது.

‘தடைகளே படிகள்’ என்பது மச்சானுடைய சொற்பொழிவு. கூப்பிடும் இடத்துக்கெல்லாம் போய்ச் சொல்வார், கூப்பிடாத சில இடங்களிலும் சொல்லியிருக்கிறார். மொத்தம் ஏழு படி. முதல் படி தடையை வரவேற்பது, ஏழாம் படி தடைக்கு நன்றி சொல்வது. அதில் அவர் தம் வாழ்விலிருந்து காட்டும் தடை ஒன்றே ஒன்றுதான். ஓய்வுக்கு முந்திய வருடம் அலுவலக நாற்காலியில் ஒரு சக்கரம் கழன்று, மாற்று நாற்காலி வரப் பதினோரு மாதமானது. அந்தப் பதினோரு மாதத்தில் தாம் பொறுமையில் வளர்ந்த விதத்தை அவர் இருபது நிமிடம் விவரிப்பார்.

சபை அலுவலக அறையில் மச்சான் காத்திருந்தார். இரும்பு அலமாரி, மூன்று நிற முத்திரை மை, நடுவில் தடித்த பதிவேடு. இரண்டு பக்கம் தட்டச்சு செய்த தாளை நீட்டினார். ஓட்டுநரின் சாட்சியை ஓட்டுநர் எழுதச் சிரமப்பட வேண்டாம் என்று அவரே எழுதிவிட்டிருந்தார்.

“அஞ்சாம் படியில கொஞ்சம் தொண்டை அடைக்கணும், மாப்ளே. அதுக்கு இடம் விட்டு அடிச்சிருக்கேன்.”

“மச்சான், கண்ணு வரலையே.”

“விசுவாசத்துல வந்ததா எடுத்துக்கணும். ரெஜிஸ்டர்ல வந்துருச்சு.”

ஒலிபெருக்கி இரைகிறது என்று யாரோ வந்து கூப்பிட்டார்கள். மச்சான் எழுந்து போனார். பதிவேடு மேசையிலேயே கிடந்தது.

எந்த முத்திரை தன் கண்ணைத் திரும்பக் கொடுத்ததோ அதைப் பார்த்துவிடலாம் என்றுதான் ஓட்டுநர் அதைத் திறந்தார். விதி தொடங்கிய இடத்தில், முதல் பக்கத்தில், மச்சானின் கையெழுத்திலேயே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ‘என் மனைவி குணமடைய வேண்டும்.’ அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மனு எழுதினால் மூன்று பக்கம் எழுதுகிற மனிதர். கீழே தொண்ணூறாவது நாள் தேதியிட்டு, ‘நிறைவேறியது.’ மச்சானின் மனைவி அடக்கமான தேதி ஓட்டுநருக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று துக்கத்துக்கு வந்தவர்களை ஏற்றிச்சென்ற வண்டியை ஓட்டியவர் அவர். முத்திரை விழுந்து நான்காவது நாள் அது.

ஓட்டுநர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்திலேயே நின்றார். ஞாயிறுதோறும் சபை முன் நின்று, பட்டியலோடு பட்டியலாக, சொந்த மனைவியின் வரியையும் தன் வாயாலேயே வாசிக்க வேண்டியிருந்தது மச்சானுக்கு. ஒரு மனிதனால் எத்தனை ஞாயிறு அதைச் செய்ய முடியும்? இத்தனை நாளும் விதி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தது, இனிமேல் முடியாது என்று ஒருவர் வைத்த கையெழுத்து.

பக்கங்களைத் தள்ளித் தன் சீட்டைக் கண்டுபிடித்தார். மேலே மச்சான் ‘கண் — மருத்துவம்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தார். கீழே மனைவியின் எழுத்து, துணி மடிப்பது போல ஓரம் சேர்த்து எழுதியது.

‘கண் வேண்டாம். வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் முன்னே மாதிரி என்னைக் கேலி செய்ய வேண்டும். வீட்டில் சத்தமே இல்லை. வேலை முடிந்து வரப் பயமாக இருக்கிறது. இல்லாவிட்டால் எனக்காவது பொறுமை தாரும். இருந்தது தீர்ந்துவிட்டது.’

மச்சான் முதல் சொல்லுக்கு மேல் படித்திருக்க மாட்டார். கோப்புகளை வாழ்நாள் முழுவதும் மூடியவர்களுக்கு முதல் சொல்லே போதும்.

ஓட்டுநர் ஒற்றைக் கண்ணால் அதை இரண்டு தரம் படித்தார். மனைவி மெதுவாக நடப்பவள். முன்பெல்லாம் சந்தைக்குப் போகும்போது பின்னால் வந்து வாயாலேயே ஹாரன் அடிப்பார். ‘வழி விடுங்க, வண்டி லேட்டு’ என்பார். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அது அவளுக்குத் தொந்தரவு என்றுதான் இருபத்தைந்து வருடமாக நினைத்திருந்தார். அதைப் போய் ஒருத்தி ஆண்டவரிடம் எழுதிக் கேட்பாள் என்று அவர் நினைத்ததில்லை. மேலும் ஒரு விஷயம் உறைத்தது. ஆண்டவரிடம் போன சீட்டுதான், ஆனால் வேலை இவர் தலையில் விழுந்திருக்கிறது. மூன்று மாதமாக நிலுவையில் வைத்திருந்தது மேலே இருப்பவர் இல்லை.

ஆராதனை தொடங்கியது. பாட்டு முடிந்தது. மச்சான் மேடையேறி ஏழு படிகளையும் ஏழு நிமிடத்தில் சுருக்கி, நாற்காலிச் சக்கரத்தை மட்டும் சுருக்காமல் சொன்னார். பிறகு, போன பார்வையைப் பெற்று வந்த நம் அன்புச் சகோதரர் என்று கையை நீட்டினார். ஜனம் கைதட்டியது.

மேடைக்கு மூன்று படி. தடைகள் படிகளாக மாறுவது பற்றி எவ்வளவு பேசினாலும், ஒற்றைக் கண் உள்ளவனுக்குப் படிதான் தடை. ஓட்டுநர் காலால் தேடித் தேடி ஏறினார். முதல் வரிசையில் இருந்தவர்களுக்கு அப்போதே ஒரு சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். கைதட்டல் இரண்டாம் படியிலேயே தேய்ந்துவிட்டது.

தாளை மேசைமேல் வைத்தார். கூட்டத்தில் மனைவியைத் தேடினார். நான்காம் வரிசையில், கைக்குட்டையை நான்காக மடித்துப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் மச்சான், ஐந்தாம் படியின் தொண்டை அடைப்புக்காகத் தம் தொண்டையையே தயார் செய்துகொண்டு நின்றார்.

“என் கண்ணு வரலை,” என்றார் ஓட்டுநர். “இனி வராது. முதல்ல அதைச் சொல்லிடறேன்.”

மச்சான் மேசைமேல் கிடந்த தாளைக் கண்ணால் காட்டினார்.

“என் சம்சாரம் சீட்டுல கேட்டது கண்ணை இல்லை. வேற ஒண்ணு. என்னன்னு சொல்ல மாட்டேன், அது அவளுது. அது இன்னும் நடக்கலை. நடக்காததுக்கு ஆண்டவரைக் குத்தம் சொல்ல முடியாது. நான்தான் காரணம். மூணு மாசமா கதவை உள்பக்கம் தாழ் போட்டுட்டு, யாருமே வரலைன்னு உக்காந்திருந்தேன்.”

எதையோ விட்டுவிட்டது போல நின்றார். பிறகு மச்சான் பக்கம் திரும்பினார். திரும்பும்போது வலது பக்கமே தெரியாததால் முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது.

“மச்சான், நீங்க ஏன் மூடுனீங்கன்னு எனக்குப் புரியுது. தப்பா எடுத்துக்கலை. ஆனா எங்க சீட்டைத் திறந்தே வைங்க. இன்னும் கொஞ்ச நாள் கேக்கறோம்.”

அவ்வளவுதான் சாட்சி. மச்சானின் தட்டச்சு இரண்டு பக்கமும் மேசைமேல் காற்றில் படபடத்தது. ஓட்டுநர் மூன்று படியையும் தடவி இறங்கினார். கைதட்டுவதா, கண் மூடுவதா என்று சபைக்குத் தெரியவில்லை. கடைசியில் போதகர்தான் எழுந்து அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

ஆராதனை முடிந்ததும் அலுவலக அறை வாசலில் வரிசை நின்றது. வாசல் தூணுக்கு அப்பாலும் நீண்டது. என் பையன் குடியை விட்டதாகப் போட்டு மூடிவிட்டீர்களே, அவன் நேற்றுக்கூடக் குடித்தான் என்றாள் ஒருத்தி. மகளுக்கு வரன் அமைந்ததாக நன்றி சொல்ல வைத்தீர்கள், மாப்பிள்ளை யார் என்றாவது சொல்லுங்கள் என்றார் ஒரு தையற்காரர். என் முட்டி என்று ஆரம்பித்த ஒரு பெரியவரை, முட்டிகளெல்லாம் தனி வரிசை என்று யாரோ கிண்டலடித்தார்கள். நடுவில் மச்சான் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விதியை மாற்றத் தனி மனு வேண்டும், மூன்று பிரதி வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். குரல் வழக்கமான உயரத்துக்கு ஏறவில்லை.

போதகர் இளைஞர். வந்த நாளிலிருந்து செயலாளரின் நிழலிலேயே நின்று பழகி, தமக்கும் வாய் உண்டு என்பதைப் பிரசங்கத்துக்கு வெளியே மறந்துபோனவர். அன்று அவர் அறைக்குள் வந்து மச்சானின் தோளருகே குனிந்தார். வரிசையின் ஓரத்தில் நின்ற ஓட்டுநருக்கும் அது கேட்டது.

“ஐயா, ஆண்டவரே சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல முழங்கால் போட்டு, இந்தப் பாடு நீங்கணும்னு கேட்டாரு. கேட்டது கிடைக்கலை. அந்தச் சீட்டை எந்தப் பட்டியல்ல ஒட்டுவீங்க?”

மச்சான் பதிவேட்டின் முதல் பக்கம் இருக்கிற பக்கமாக விரலை வைத்து அழுத்தியபடி இருந்தார்.

வெளியே மனைவி காத்திருந்தாள். ஓட்டுநர் அவள் முகத்தில் ஈரம் இருக்கும் என்று எதிர்பார்த்தார். இருந்தது கோபம். இருவரும் பணிமனைச் சாலையில் நடந்தார்கள். தெருமுனை தாண்டியதும் அவள் ஆரம்பித்தாள்.

“நான் ஆண்டவருக்கு எழுதினது. உங்களுக்கு நகல் போட்டேனா?”

ஃபைலின் தங்கை என்பது அப்படிப்பட்ட நேரங்களில்தான் தெரியும். ஓட்டுநர், பதிவேடு மேசைமேல் கிடந்தது என்றார். கிடந்தால் திறந்து படித்துவிடுவதா என்றாள். படித்ததுதான் படித்தீர்கள், அதை மேடையில் வேறு சொல்வானேன், வாசலுக்கு வருவதற்குள் பதினாறு பேர் நீ என்ன கேட்டாய் என்று கேட்டுவிட்டார்கள், ஒருத்தி நகையா என்று கேட்டாள் என்றாள். நான் உள்ளே என்ன இருந்தது என்று சொல்லவில்லையே என்றார் இவர். சொல்லியிருந்தால் இத்தனை பேர் கேட்டிருக்க மாட்டார்கள் என்றாள் அவள். அது ஒரு விதத்தில் சரியாகவும் இருந்தது.

அவருக்கும் கோபம் வந்தது. மூன்று மாதமாக மனதில் இருந்ததை எனக்கு நேராகச் சொல்லியிருக்கலாம் என்றார். “ம்னு சொல்ற ஆள்கிட்ட என்னத்தைச் சொல்றது?” என்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. எதிரே சைக்கிளில் போனவர் இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போனார். பணிமனை மதில் வரும்போதுதான் ஓட்டுநருக்கு உறைத்தது, தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இருவரும் பேசிக்கொண்டே வந்திருக்கிறோம் என்று. சண்டைதான். ஆனாலும் எண்ணிப் பார்த்தால் மூன்று சொல்லுக்கு மேல் இருக்கும்.

மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். அவளை வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். கிளை மேலாளர் பட்டியலை ஒட்டுவதற்குப் பசையைக் கையில் எடுத்திருந்தார். இது தற்காலிகமானதல்ல, ஓட்டுநர் இருக்கைக்குத் திரும்பும் வழி இனி இல்லை, தெரியும்தானே என்று கேட்டார். தெரியும் என்றார் இவர். அதைச் சொன்னபோது நெஞ்சுக்குள் எதுவும் பாடவில்லை, ஒளி எதுவும் இறங்கவில்லை. இருபத்தாறு வருடம் பிடித்த ஸ்டீயரிங்கை விட்ட கை வெறுமையாக வலித்தது. கையெழுத்தைக் கோட்டுக்கு மேலே போடத் தூரம் பிடிபடாமல், இடது விரலைக் கோட்டில் வைத்து அடையாளம் பார்த்துப் போட்டார். அது அவராகக் கண்டுபிடித்த வழி. யாரும் சொல்லித் தரவில்லை.

பெஞ்சுக்கு வந்தபோது மனைவி கைப்பேசியை நீட்டினாள். மச்சானிடமிருந்து செய்தி. ‘இன்று மாலை ஆறு மணிக்கு மாடிக்கு வருகிறேன். இருவரும் இருக்கவும்.’ மாடியைக் காலி செய்யச் சொல்லவா, வேறெதற்காவதா என்று அந்த வாசகத்திலிருந்து ஆண்டவரே இறங்கி வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அப்படி எழுதத்தான் அவர் முப்பது வருடம் சம்பளம் வாங்கினார்.

“அண்ணன் மாடிக்கு ஏறினதே இல்லை,” என்றாள் மனைவி. “அண்ணி போனதுலேர்ந்து.”

ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவருக்கும் எழுந்திருக்கத் தெம்பில்லை. வேலை கிடைத்ததைச் சொன்னார். நாளையிலிருந்து, காலை நாலு மணிக்கு, முதல் வண்டி கிளம்புமுன் வாசலில் நிற்க வேண்டும் என்றார்.

அவள் கைக்குட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

“நாலு மணிக்கு இருட்டா இருக்கும்.”

“ம்.”

“ரெண்டு கண்ணு இருந்தப்பவே என் செருப்பை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போன ஆளு நீங்க. அதுவும் ரெண்டு தடவை.”

சொன்ன பிறகு அவளே பயந்துவிட்டாள். கைக்குட்டையைப் பிடித்த விரல்கள் நின்றன. ஆறு மாதத்தில் கண் என்ற சொல்லை அவள் அவர் எதிரில் சிரிப்புக்காகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஓட்டுநர் தம் கோபத்துக்காகக் காத்திருந்தார். அது எந்த வழியாக வரும், எவ்வளவு வேகத்தில் வரும் என்று அவருக்குத் தெரியும். வாசலில் ஒரு வண்டி நின்று, சோதனை முடிந்து கிளம்பிப் போயிற்று. இன்னொன்று வந்தது. அதற்கு மேலும் காத்திருந்து பார்த்தார்.

“மூணு தடவை,” என்றார். “ஒரு தடவை உனக்குத் தெரியாது.”